சிறுநீரகத்தில் காட்மியம் படிவதைப் படமெடுத்தல்

காட்மியம் துத்தநாகத் தாதுவோடு கலந்து கிடைக்கும் நச்சு உலோகம். மண்ணிலும் பாசன நீரிலும் கலந்து நெல்மணிக்குள் ஏறுகிறது. மியான்மரைப் போல மூன்று வேளையும் சோறுண்ணும் நாடுகளில் இதை அலட்சியப்படுத்த முடியாது. யாங்கோனுக்குக் கிழக்கே, எல்லை நகரமான மியாவடிக்கு எதிர்க்கரையில் தாய்லாந்தின் மே சொட் உள்ளது. அங்கே துத்தநாகச் சுரங்கத்துக்குக் கீழே இருந்த வயல்களின் அரிசியில் 2000-களின் தொடக்கத்தில் மிகுந்த காட்மியம் கண்டறியப்பட்டது. இதே உலோகத்தால் வந்த இதாய்-இதாய் நோயை ஜப்பான் 1968-இல் மாசு நோயாக அறிவித்திருந்தது.

உடலுக்குள் காட்மியம் மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு பிணைந்து சிறுநீரகத்தை அடைகிறது. அங்குள்ள அண்மை நுண்குழல்கள் அதை வடிநீரிலிருந்து மீண்டும் உறிஞ்சிவிடுகின்றன. பாதியளவு வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

இந்தப் படிவைப் படமெடுக்க, சிறுநீரகத் திசுவை மெல்லிய சீவலாக்கி, லேசர் கதிரால் வரி வரியாகச் சுரண்டுவர். எழும் துகள்களை வாயு ஓட்டம் பிளாஸ்மாவுக்குள் கொண்டு செல்லும். அங்கு அயனியானவற்றை நிறை நிறமாலைமானி எண்ணும். புள்ளிக்குப் புள்ளி அளவுகளை நிறமாக்கினால் புறணி பளிச்சிடும், அகணி மங்கும். திசுவை அரைத்து அளந்தால் சராசரி மட்டுமே கிடைக்கும். எந்தக் குழல் நிரம்பியது என்பது தெரியாது. அதைக் காட்டுவதே இம்முறையின் பெருமதிப்பு. ஆனால் திசு வேண்டும் என்பதால் ஊர்மக்களைச் சோதிக்க இது உதவாது. அதற்குச் சிறுநீரில் காட்மியத்தையும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தையும் அளக்கின்றனர்.

தீட்டிய அரிசியில் உள்ள காட்மியத்துக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்துள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம்.