சோழவரத்துப் புழுதி

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் சென்று, அங்கிருந்து வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தால் சோழவரம் வந்துவிடும். இன்று ஏரியால் அறியப்படும் இவ்வூர், ஒரு தலைமுறைக்கு முன்னர் கார்ப் பந்தயத்தால் அறியப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே பயனற்றுக் கிடந்தது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனைப் பந்தயக் களமாக்கியது. 1990இல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் திறக்கப்பட்டபின் சோழவரம் மெல்ல மறக்கப்பட்டது.

அங்கு ஓடிய வண்டிகளை இருவகையாகப் பிரிக்கலாம். செல்வர்கள் கடல்கடந்து தருவித்த லோட்டஸ், செவ்ரான் போன்றவை ஒருவகை. விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் ஃபார்முலா 1 காரும் இவ்வகையினதே. மற்றவகை நம் பட்டறைகளில் பிறந்தவை. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. ஃபியட், அம்பாசிடர், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றின் எஞ்சினை எடுத்து, சட்டத்தைத் தாழ்த்தி, அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உடல் அமைத்தனர். பின்னாளில் கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வரிசையாகவே உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார்.

வெளிநாட்டுக் காருக்குத் தொழிற்சாலை ஏடுகள் உண்டு. பட்டறைக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. அதன் வரலாறு முழுவதும் அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சுத்தியல் தடம், பற்றவைப்பின் தழும்பு, எண்ணை அழித்து வேறெண் எழுதிய பூச்சு ஆகியவையே அதற்கு ஆவணம். ஆகவே அதனைத் தூய்மை செய்வது ஓலைச்சுவடியைத் தூய்மை செய்வதற்கு ஒப்பாகும். அழுக்கு எது, எழுத்து எது என்று பிரித்தறியாத கை அதைத் தொடலாகாது.

கோயில் திருப்பணி என்ற பெயரில் சிற்பங்களின்மீது மணலைப் பீய்ச்சி அடித்த கொடுமையை நாம் கண்டவர்கள். கல் பளிச்சிட்டது, உளியின் நுட்பமும் கல்வெட்டின் எழுத்தும் போயின. பழைய கார்களுக்கும் இதுவே நேர்கிறது. ஆவடி, அம்பத்தூர்ப் பட்டறைகளில் கைத்திறனுக்குக் குறைவில்லை. பீரங்கி வண்டிக்கும் மிதிவண்டிக்கும் உதிரி செய்து பழகிய கைகள் அவை. ஆனால் பழையதைப் புதியதாக்குவதே திறமை என்று அவற்றுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை ஒரு பட்டறையில் நாம் பார்த்த பந்தயக் காரின் மூக்குப் பகுதியில், உரிந்த பூச்சுக்கடியில் மூன்று வண்ணங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அடுத்தமுறை சென்றபோது அது கண்ணாடிபோல் சிவந்திருந்தது. உரிமையாளர் பெருமையோடு காட்டினார். நாமும் நன்றாயிருக்கிறது என்று சொல்லித்தான் வந்தோம்.

பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு வெளியிட்ட டூரின் சாசனம், புதுப்பித்தலுக்கு முன்னால் பேணுதலை வைக்கிறது. மஜ்ஜோரே ஏரியின் சுவிட்சர்லாந்துப் பகுதியில் பல பத்தாண்டுகள் மூழ்கிக் கிடந்த 1925ஆம் ஆண்டு புகாட்டி 2009இல் மேலே எடுக்கப்பட்டது. அதை வாங்கிய கலிபோர்னியாவின் மல்லின் அருங்காட்சியகம் துருவோடும் சிதைவோடும் அப்படியே காட்சிக்கு வைத்தது.

செய்முறையில் பொறுமையே பாதி. அக்காலப் பந்தய எஞ்சின்களில் ஆமணக்கு எண்ணெய் கலந்த மசகு பெரிதும் பயன்பட்டது. ஆறிக் கிடந்தால் அது பிசினாக இறுகிவிடும். பெட்ரோலுக்கு எளிதில் மசியாது, ஸ்பிரிட்டுக்கு ஓரளவு இளகும். அதே ஸ்பிரிட் பழைய செல்லுலோஸ் பூச்சின்மீது பட்டால் பூச்சும் சேர்ந்து இளகிவிடும். ஆகவே முதலில் மென்தூரிகை, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, அதுவும் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சோதித்த பின்னரே. எஃகுச் சட்டத்தோடு அலுமினியத் தகடு ஆணியால் சேருமிடத்தில், சென்னையின் உப்புக்காற்று புகுந்து வெண்பொடி பூக்கச் செய்யும். மக்னீசியச் சக்கரமோ வெளியே பொலிவோடு இருக்க உள்ளே விரிசல் விடும். அதனை ஓட்டத்துக்கு நம்பக்கூடாது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தொட்டியில் விட்டுவைத்தால் ஈரம் ஈர்த்துக் கார்புரேட்டரை அரிக்கும், பழைய ரப்பர்க் குழாயைக் கெடுக்கும். ஐப்பசிக்கு முன்னரே அதை வடித்துவிட வேண்டும்.

இவற்றை நமக்கு விளக்கியவர் அம்பத்தூரில் தனி ஆளாக வேலை செய்யும் முதியவர். நாம் பார்த்துக் கொண்டிருந்தபோது ஒரு கதவுத் தகட்டை விரல் அகலம் விரல் அகலமாகத் துடைத்துக்கொண்டே வந்தார். வெள்ளை வட்டத்துக்குள் 3 என்ற எண். அதன் அடியில் தூரிகையால் எழுதிய வேறோர் எண்ணின் வளைவு மங்கலாக எழுந்தது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு மேல வேணாம் சார், முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க" என்றார்.