சொல்லத் தெரியாத வலியும் வலியே

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து, வீடு பள்ளிக்கூட அவசரத்தில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள ஒன்பது வயது மகன் சீருடை அணியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் சுருண்டு கிடக்கிறான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான். பள்ளிக்குப் பயந்து நடிக்கிறான் என்கிறார் சாச்சா. கண்ணேறு பட்டிருக்கும், ஓதிப் பார்க்கலாம் என்கிறார் வாப்பும்மா. ஸ்கேனில் ஒன்றுமில்லை, எல்லாம் பதற்றம்தான் என்று மருத்துவர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. உம்மா மட்டும் அவன் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார்.

நம்மில் பல குடும்பங்கள் அறிந்த காலைப் பொழுது இது. வாயால் சொல்லத் தெரியாதவரின் வலியை எப்படி அறிவது, எப்படி நம்புவது என்னும் கேள்வி இங்கே எழுகிறது. இக்கேள்விக்கு மருத்துவ வரலாறு பலமுறை தவறான விடை சொல்லிப் பின்னர் தன்னைத் திருத்திக்கொண்டுள்ளது. அந்தத் தவறுகளை அறிந்தால், நம் வீட்டில் அவை மீண்டும் நிகழாமல் காத்துக்கொள்ளலாம்.

முதலில், சரியாகச் சொன்ன ஒருவரை நினைவுகூர்வோம். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரை அடுத்த சிற்றூரில் பிறந்து, கி.பி. 934-இல் மறைந்தவர் அபூ ஸைத் அல்-பல்கீ. உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் இணைத்து, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை அவர் எழுதினார். மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்தவன். ஒன்று நோயுற்றால் மற்றதும் வாடும். ஆகவே சிகிச்சை இரண்டையும் கருத வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அச்சம், துயரம், கோபம், ஓயாத வேண்டா எண்ணங்கள் ஆகிய ஒவ்வொன்றையும் அவர் தனித்தனியே ஆராய்ந்தார். உடலுக்கான மருந்தை முன்கூட்டியே வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே ஆறுதலான எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த மருத்துவம் இந்த இணைப்பைப் பலமுறை மறந்தது. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அவர்களில் பலருக்கு உணவு உண்பதில் கடும் சிரமம் இருந்ததை அவர் குறித்திருந்தார். ஆனால் அதை, வெளியுலகம் தம்மீது திணிக்கப்படுவதைக் குழந்தை மறுக்கும் செயலாகவே விளக்கினார். வயிறும் குடலும் ஆராயப்பட வேண்டியவை என்னும் எண்ணம் அங்கே முன்னுக்கு வரவில்லை.

அடுத்து வந்த பழி இன்னும் கொடியது. தாயின் அன்பு போதாமையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்னும் கருத்து பரவியது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் வெளியிட்ட நூல் அதற்கு மேலும் வலுச் சேர்த்தது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு, இது உடல் சார்ந்த காரணங்களால் வருவது என்று 1964-லேயே வாதிட்டிருந்தார். 1977-இல் 21 இரட்டையர் இணைகளைக் கொண்டு சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் செய்த ஆய்வு, மரபுக் காரணங்களின் பங்கைத் தெளிவாக்கியது. தாய்மார்கள் சுமந்த பழி மெல்ல மெல்ல இறங்கியது. நம் ஊர்களில் அது இன்னும் முழுமையாக இறங்கிவிடவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வலியைப் பற்றிய தவறும் இதனோடு சேர்ந்தே வளர்ந்தது. பச்சிளம் குழந்தைகள் வலியை முழுமையாக உணர்வதில்லை என்று நம்பி, 1980-கள் வரையிலும் போதிய மயக்க மருந்தின்றி அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தது உண்டு. 1987-இல் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடன் பணியாற்றியோரும், வலிநிவாரணி பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவைச் சிகிச்சையைக் குறைந்த நெருக்கடியுடன் தாங்கியதை மெய்ப்பித்தனர். ஆட்டிசம் உள்ளோர் வலியை உணர்வதில்லை என்னும் நம்பிக்கையும் நெடுங்காலம் நிலவியது. கனடிய ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தம் எடுக்கும்போது இக்குழந்தைகளின் முகங்கள் வலியைத் தெளிவாகவே காட்டின. காட்டும் விதத்தை நாம் படிக்கத் தவறியிருந்தோம்.

'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1958-இல் பிரிட்டனில் ஜான் ஆப்லி என்னும் குழந்தை மருத்துவர் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்று வலி வருவதைக் கண்டார். அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் உறுப்பு சார்ந்த நோய் எதுவும் காணப்படவில்லை. அதனால் அவர்களின் வலி பொய்யாகிவிடவில்லை. குடலும் மூளையும் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பதற்றம் வலியைக் கூட்டும், வலி பதற்றத்தைக் கூட்டும் என்று இன்றைய மருத்துவம் விளக்குகிறது. அல்-பல்கீ சொன்ன இணைப்பு மீண்டும் ஏற்கப்பட்டிருக்கிறது.

வலியின் இலக்கணமே திருத்தப்பட்டது. உலக வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் தந்த வரையறையில், வலியை 'விவரித்தல்' என்ற பொருளுடைய சொல் இருந்தது. பேச இயலாதவரை அது விட்டுவிடுகிறது என்பதால், 2020-இல் அச்சொல் நீக்கப்பட்டது. சொல்ல முடியாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் அச்சங்கம் தெளிவுபடுத்தியது.

இந்த வரலாறு நம் வீட்டுக்குச் சொல்வது என்ன? முதலில் நம்ப வேண்டும். பிறகு தேட வேண்டும். மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, நெஞ்செரிச்சல், ஒற்றைத் தலைவலி ஆகியவை இப்பிள்ளைகளிடம் எளிதில் கண்ணுக்குத் தப்பும். அழுகை, தன்னைத் தானே அடித்துக்கொள்ளுதல், உறக்கம் கெடுதல், வழக்கமான விளையாட்டை விடுதல் போன்ற திடீர் மாற்றங்களே சில நேரம் அவர்களின் மொழி. நாள், நேரம், உணவு, மலம் கழித்த விவரம், அதற்கு முன் நடந்தது ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். வலி வரும் வேளையில் எடுத்த சிறு காணொளி மருத்துவருக்குப் பெரிதும் உதவும். காய்ச்சல், எடை குறைதல், மலத்தில் இரத்தம், இடைவிடாத வாந்தி, உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை இருந்தால் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள்.

அச்சத்திற்கும் மருந்து வேண்டும். உடல் படத்தைக் காட்டி, வலிக்கும் இடத்தைத் தொடச் சொல்லிப் பழக்குங்கள். மருத்துவமனையில் நிகழப்போவதை முதல் நாளே படங்களாகக் காட்டுங்கள். அமைதியான நேரத்தில் பழகிய மெல்லிய ஓதல், அணைப்பு, இருளான அறை ஆகியவை வலி வரும்போது கைகொடுக்கும். அல்-பல்கீ சொன்ன சேமிப்பு இதுவே.

ஓதுவதும் துஆ கேட்பதும் நம் நெஞ்சின் ஆறுதல். சிகிச்சை தேடுவதும் நம் மார்க்கம் காட்டிய வழியே. ஒன்றுக்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை. வேறொரு மருத்துவரிடம் மீண்டும் கேட்கத் துணிவதும் ஸப்ரின் ஒரு வடிவம்.

கதவோரம் சுருண்டு கிடக்கும் அந்த மகனின் அருகில் இன்று நாம் முதலில் அமர்வோம். 'உனக்கு வலிக்கிறது, எங்களுக்குத் தெரிகிறது' என்று சொல்வோம். அவனுடைய உம்மாவைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்குவோம்; அவர் கண்ணால் கண்டதைச் சாட்சியமாக ஏற்போம். இறைவன் நம் பிள்ளைகளுக்கு நலத்தையும், அவர்களைப் புரிந்துகொள்ளும் அறிவை நமக்கும் தருவானாக.