மணல் சொன்ன கணக்கு

ஒரு பாறைக்குள் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் வழியாக நீர் எவ்வளவு சுலபமாகப் போகும் என்பது வேறு கேள்வி. முன்னது நுண்துளைமை, பின்னது உட்புகுதிறன். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பது நம் பழக்கம். களிமண்ணில் வெற்றிடம் பெரும்பாலும் மணலைவிட அதிகம். ஆனால் அது நீரை லேசில் விடாது.

திஜோன் நகரக் குடிநீர் பற்றிய தன் 1856ஆம் வருஷத்து நூலில், மணலூடாக நீர் செல்லும் விதியை ஆன்றி தார்சி எழுதினார். அதிலுள்ள கெழுவை ஒவ்வொரு மணலுக்கும் சோதித்துத்தான் அறியவேண்டும். மணலைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் சோதனை நிலையத்தில் இருந்த ஆலன் ஹேசனுக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. மெர்ரிமாக் ஆற்றில் மேலே லோவெல் நகரம் கழிவை விட்டது. கீழே லாரன்ஸ் அதையே குடித்து டைபாய்டில் விழுந்தது. வடிகட்ட எந்த மணல்? 1892இல் ஹேசன் விடை தந்தார்: மணலைச் சலியுங்கள், எடையில் பத்தில் ஒரு பங்கு எந்த விட்டத்துக்குக் கீழே வருகிறதோ அந்த விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப நீர் போகும். அதாவது, பாதையைத் தீர்மானிப்பது சிறுபான்மையான பொடிதான். 1893இல் லாரன்சில் வடிகட்டி இயங்கியது. டைபாய்டு சாவுகள் சரிந்தன.

ஹேசன் எல்லையும் போட்டிருந்தார்: 0.1 முதல் 3 மில்லிமீட்டர் வரையான, ஓரளவு சீரான வடிகட்டி மணல். அவர் வாய்பாட்டில் நுண்துளைமை கிடையாது. 1927இல் கோசெனியும் 1937இல் கார்மனும் அதைச் சேர்த்தார்கள். அவர்கள் கணக்குப்படி, மணியளவு மாறாமல் வெற்றிடம் 40 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தால் உட்புகுதிறன் சுமார் பதினான்கில் ஒரு பங்காகிவிடும்.

சிக்கல் அப்புறம்தான். வாய்பாடு பாடநூலுக்குள் போனதும் அதன் வரலாறு உதிர்ந்துபோய், அது ‘இயற்கை விதி’யாக நின்றுவிடுகிறது. ஹேசனின் கெழுவுக்குப் பாடநூல்கள் 1 முதல் 1000 வரை மதிப்புத் தருவதை 2003இல் டேவிட் காரியர் சுட்டிக்காட்டினார். உதிரி மணலுக்குப் பிறந்த கணக்கை மணற்பாறைக்கும் போடுகிறோம். பாறையிலோ மணிகளுக்கு நடுவே சிமெண்டுபோலக் கனிமம் படிந்திருக்கும். துளைகளின் கழுத்தைக் களிமண் நெரித்திருக்கும். சில துளைகள் முட்டுச்சந்து. ஒரே மணியளவு, ஒரே நுண்துளைமை உள்ள இரண்டு பாறைகள் நீரை வெவ்வேறு விதமாக விடும்.

கிணறு எவ்வளவு ஊறும், புதைத்த கழிவு எத்தனை வருஷத்தில் நிலத்தடி நீரைத் தொடும் என்பதையெல்லாம் இப்படி வந்த எண்களை வைத்தும் கணிக்கிறார்கள். எண்ணை யாராவது நீட்டினால், இது எந்த மணலில் அளந்தது என்று கேட்கும் உரிமை அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு உண்டு.