பதிவும் உரிமையும்: தமிழகத்தில் வீட்டுத் தரகரின் நிலைபேறு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

விற்பனைக்குரிய வீடுகளையும் மனைகளையும் இணையத்தளங்கள் பட்டியலிடத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் வீடு வாங்குவோர் தரகரை நாடும் வழக்கம் அற்றுப்போகவில்லை. வீட்டைக் கண்டுபிடித்துத் தருவதே தரகரின் பணி என்று கொண்டால் இது புதிராகவே தோன்றும். 1865 முதல் நடைமுறையிலுள்ள பதிவுமுறை ஆவணத்தைப் பதிவுசெய்கிறதேயன்றி உரிமையை உறுதிசெய்வதில்லை. அந்த இடைவெளியே தரகரின் களம் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தரகு, ஆவணக்களரி, வில்லங்கச் சான்று, பட்டா, கணக்குப்பிள்ளை, பதிவுச் சட்டம்

முன்னுரை

'99 ஏக்கர்ஸ்' 2005ஆம் ஆண்டிலும் 'மேஜிக்பிரிக்ஸ்' 2006ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. அதற்கு முன்னர் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் வரிவிளம்பரங்களே இப்பணியைச் செய்தன. இணையம் வந்தபின் தரகருக்கு வேலை இராது என்ற எதிர்பார்ப்பு எழுந்தது இயல்பே. நடந்தது வேறு. அத்தளங்களில் விளம்பரம் இடுவோரில் தரகர்களும் கணிசமானோர். தரகரின்றி என்பதையே பெயராகச் சூட்டிக்கொண்ட 'நோபுரோக்கர்' தளமும் ஆவணச் சரிபார்ப்பு, விலைபேச உதவி ஆகியவற்றைக் கட்டணச் சேவைகளாக விற்கிறது. தரகரை நீக்கினாலும் தரகரின் வேலையை நீக்க இயலவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவ்வேலை யாது என்பதே இங்கு எழும் வினா.

ஆவணக்களரியும் அறிந்தோர் சான்றும்

தரகு என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. பல்லவர், சோழர் காலச் செப்பேடுகள் தரும் வரியினங்களின் பட்டியலில் தரகும் இடம்பெறுகிறது. ஆனால் அது பெரும்பாலும் சந்தைச் சரக்குகளின் தரகையே குறித்திருக்க வேண்டும். நிலவிற்பனையில் இடைநின்றோர் வேறு வகையினர். சோழர் கல்வெட்டுகளில் விலையாவணங்களை எழுதிக் கையொப்பமிடுவோருள் ஊர் மத்தியஸ்தனும் கரணத்தானும் காணப்படுகின்றனர். நிலத்தின் நான்கெல்லைகள் கூறப்படும். இந்த ஆவணமன்றி வேறு ஓலை காட்டுவதில்லை என்று விற்போர் உறுதியளிப்பர். அறிந்தோர் சான்றாக நிற்பர். ஆவணங்களுக்கென ஆவணக்களரி என்னும் இடமும் இருந்தது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் ஆளோலையை ஏற்குமுன், அதிலுள்ள கையெழுத்தைப் பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நினைக்கத்தக்கது. ஓலையைப் படித்தல் ஒன்று, ஓலை மெய்யானதா என்று ஊரார் அறிந்து கூறுதல் மற்றொன்று என்ற வேறுபாடு அங்கே புலனாகிறது.

இக்கல்வெட்டுகளில் மிகப்பல கோயில் நிலங்களையும் பிரமதேய நிலங்களையும் பற்றியவை. எளிய குடிகளின் வீட்டு விற்பனை எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இவற்றைக் கொண்டு அறுதியிடுவது பொருந்தாது. எனினும் எழுதுபவனும் சான்று பகர்பவனும் விற்கப்படும் நிலத்தை நேரில் அறிந்த ஊராராகவே இருந்தனர் என்பது மட்டும் உறுதி.

பதிவுச் சட்டம் காத்ததும் காவாததும்

1864ஆம் ஆண்டின் 16ஆம் சட்டத்தின்படி 1865இல் ஆவணப்பதிவு நடைமுறைக்கு வந்தது. இன்று வழக்கிலிருப்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவுசெய்த ஆவணத்தால் மட்டுமே விற்க முடியும் என 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் வகுத்தது. இவற்றால் போலி ஆவணங்களும் முன்தேதியிட்ட ஆவணங்களும் கட்டுப்படுத்தப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் சார்பதிவாளர் பார்ப்பது இன்னார் இந்த ஆவணத்தை எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டாரா என்பதைத்தான். விற்பதற்கு அவருக்கு உரிமை உண்டா என்பதை விசாரித்துத் தீர்ப்பது அவருடைய பணியன்று. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் தோன்றிய டோரன்ஸ் முறையில் அரசே உரிமைக்கு உறுதி நிற்கிறது. அத்தகைய முறையை இந்தியாவிலும் கொணர வேண்டும் என்று டி. சி. வாத்வா 1989இல் நடுவணரசுக்கு அளித்த அறிக்கை பரிந்துரைத்தது. நாடு முழுமைக்குமான நடைமுறையாக அது இன்றுவரை மாறவில்லை.

இதன் விளைவை வில்லங்கச் சான்றில் காணலாம். சொத்து பற்றிப் பதிவான ஆவணங்களின் அட்டவணையே அச்சான்று. பதிவாகாத எதுவும் அதில் வாராது. உயிலைப் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. நிலுவையிலுள்ள வழக்கு அதில் தென்படவேண்டும் என்பதில்லை. பழைய புல எண்ணைக் குறித்து எழுதிய பத்திரம், உட்பிரிவுக்குப் பின் வந்த புதிய எண்ணில் தேடும்போது அகப்படாமலும் போகலாம். 2018இல் பதிவுத்துறையின் இணையவழிச் சேவை விரிவாக்கப்பட்டபின் வில்லங்கம் பார்ப்பது மிக எளிதாயிற்று. எனினும் அது பொதுவாக 1975 முதலான பதிவுகளையே காட்டுகிறது. அதற்கு முந்தையவற்றுக்குக் கையெழுத்து அட்டவணைகளையே புரட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். இந்துக் குடும்பத்துத் தந்தை ஒருவர் 1970இல் தம் சம்பாத்தியத்தில் வீடு வாங்கி, மனைவி இறந்தபின் உயில் எழுதாமல் காலமாகிறார் எனக் கொள்வோம். இரு மகன்களும் 1995இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவுசெய்து, பட்டாவையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்கின்றனர். வெளியூரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட மகள் ஒருத்தி உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவளுக்கும் மூன்றிலொரு பங்கு உரியது. வில்லங்கச் சான்றில் அவள் இல்லை, பட்டாவிலும் இல்லை, இணையத்தளத்திலுள்ள ஒளிப்படங்களிலும் இல்லை. வாங்குபவர் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துக் கிரயம் முடித்தபின், அவளோ அவள் பிள்ளைகளோ பங்கு கேட்டு வழக்குத் தொடுக்கக்கூடும். அவள் இழந்த பங்கும் வாங்கியவர் இழக்கவிருக்கும் வீடும் ஒரே மௌனத்தின் இரு விளைவுகள். அத்தெருவில் நெடுங்காலம் தொழில் செய்யும் தரகர் அவளை அறிவார். விடுதலைப் பத்திரம் வாங்கிவிட்டு மேலே பேசுங்கள் என்று அவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு ஈடாக எந்தப் பட்டியலும் இல்லை.

கணக்குப்பிள்ளையின் இடம்

பதிவுத்துறை ஆவணத்தைக் காக்க, வருவாய்த்துறை வரி செலுத்துவோரைக் கணக்கிட்டது. மன்றோ வகுத்த ரயத்துவாரி முறையில் தோன்றிய பட்டா, அடிப்படையில் வரிப்பொறுப்பைக் காட்டும் பதிவு. பட்டா மட்டுமே உரிமையை நிறுவாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. இவ்விரு ஏடுகளுக்கும் இடையில் நின்று, ஏட்டில் இல்லாததையும் நினைவில் வைத்திருந்தவர் பரம்பரைக் கர்ணமாகிய கணக்குப்பிள்ளை. அவருடைய அறிவு சாதிச் சார்பும் தன்னலமும் கலந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1980 நவம்பரில் தமிழக அரசு அப்பதவிகளை ஒழித்தது. பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். சமூகநீதி நோக்கில் அது வேண்டிய சீர்திருத்தமே. ஆனால் இடமாறுதலுக்கு உட்பட்ட அலுவலரிடம் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை எதிர்பார்க்க இயலாது. அக்காலத்தை ஒட்டியே, 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டமும் நடந்தேறியது. அதில் நேர்ந்த பெயர்ப் பிழைகளையும் பரப்புப் பிழைகளையும் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் வருகின்றன.

பழைய நினைவுக்காவலர் மறைய, ஏடுகள் புதிய பிழைகளோடு உருமாறிய அக்காலத்திற்குப் பின் நகர்ப்புற மனைப்பிரிவுகள் பெருகின. கணக்குப்பிள்ளையிடம் கேட்ட வினாக்களை மக்கள் தரகரிடம் கேட்கலாயினர் என்று கொள்வது பொருந்தும். சட்டம் எந்தப் பொறுப்பையும் அளிக்காத ஒருவரிடம் ஊரின் நினைவு சேர்ந்தது என்பதுதான் இம்மாற்றத்தில் கவனிக்கத்தக்கது.

தரகர் அறிந்ததும் மறைப்பதும்

வழக்கறிஞரின் கருத்துரை இருக்கும்போது தரகர் எதற்கு என்று கேட்கலாம். வழக்கறிஞர் தம்மிடம் தரப்பட்ட தாய்ப்பத்திரத்தையும் தொடர் ஆவணங்களையும் ஆராய்கிறார். தரப்படாத ஆவணத்தை அவர் ஊகிக்கலாமேயன்றி அறிய இயலாது. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது முதன்மையாக வங்கிக் கடனின் பாதுகாப்பை. ஆவணத்துக்கு வெளியே கேட்டறிய வேண்டியவை பல: மழைக்காலத்தில் தெருவில் நீர் எவ்வளவு நிற்கும், வாடகைக்கு இருப்பவர் காலிசெய்வாரா, அண்டை வீட்டாருடன் பொதுச்சுவர்ப் பூசல் உண்டா, விற்பவருக்குப் பணம் எவ்வளவு அவசரம். இவற்றில் கடைசியானதே விலையைத் தீர்மானிப்பது. மேலும் பத்திரத்தில் எழுதும் விலையும் கைமாறும் விலையும் வேறுபடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. குறைமதிப்பீட்டைத் தடுக்க 1967இலேயே முத்திரைச் சட்டத்தில் 47-அ பிரிவு சென்னை மாநிலத்தில் சேர்க்கப்பட்டது என்பது அவ்வழக்கின் பழமையைக் காட்டும். ஆதலால் பதிவேட்டு விலையோ விளம்பர விலையோ உண்மை விலைக்குச் சான்றாகாது. அடுத்த தெருவில் சென்ற மாதம் முடிந்த விலையைத் தரகரே அறிவார்.

ஆனால் இவ்வறிவு வாங்குபவருக்குச் சாதகமாகவே பயன்படும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. தரகுத்தொகை பெரும்பாலும் விலையில் ஒன்றோ இரண்டோ விழுக்காடு. இரு தரப்பிலும் பெறுவதும் உண்டு. கிரயம் முடிந்தால்தான் அது கைக்கு வரும். எனவே மகளைப் பற்றிச் சொல்லும் தரகரைப் போலவே சொல்லாமல் விடும் தரகரும் உண்டு. அங்கீகாரமற்ற மனைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. விளைநிலங்கள் மனைகளாக்கப்பட்டுப் பல்லாண்டுகள் விற்கப்பட்டன. அவற்றுக்குப் பதிவான பத்திரம் இருந்தது. வில்லங்கமும் தூய்மையாக இருக்கக்கூடும். மனைப்பிரிவு அங்கீகாரம் மட்டும் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றின் பதிவைத் தடுத்தது. அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வகுக்கப்பட்டன. அத்தகைய மனைகளை வாங்குவோரிடம் சேர்த்ததில் தரகர்களுக்கும் பங்குண்டு.

சட்டத்தின் அண்மைக்கால முயற்சிகள்

பதிவுக்கும் உரிமைக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கத் தமிழக அரசு முயலாமலில்லை. போலி ஆவணங்களை ரத்துசெய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு அளித்த 77-அ பிரிவு 2022இல் நடைமுறைக்கு வந்தது; சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் அது செல்லாதென்றது. முந்தைய மூல ஆவணத்தைக் காட்டாவிடில் பதிவை மறுக்கலாம் என்ற 55-அ விதியை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் நீக்கியது. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவாளரின் வேலையன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1865இல் வகுத்த எல்லையிலேயே வாங்குபவர் மீண்டும் நிறுத்தப்பட்டார்.

தரகரை நெறிப்படுத்தும் முயற்சியும் பாதி வழியிலேயே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், முகவர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று 9ஆம் பிரிவில் விதிக்கிறது. ஆனால் அக்கடமை அச்சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்ய வேண்டிய திட்டங்களின் விற்பனையைச் சார்ந்தது. பழைய தனிவீட்டைக் கைமாற்றித் தரும் தெருத்தரகர் அதன் எல்லைக்குள் வருவதில்லை. மேலே கண்ட எடுத்துக்காட்டின் மகளை அறிந்தவர் பெரும்பாலும் அவரே. கிரயப்பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர், சாட்சிகள் இருவர், ஆவணம் எழுதியவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. தரகரின் பெயருக்கு அதில் இடமில்லை.