10 மெஷினுக்கு ஓடும் மென்பொருள் 200 மெஷினுக்கும் ஓடுமா? வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

மாம்பழ சீசனில் சித்தூர் மாவட்ட மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். உள்ளே பாய்லர் நின்றுபோனால், வெளியே பழம் கெட ஆரம்பிக்கும். பக்கத்து திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் கதை வேறு. இசுஸு, டைக்கின், ஆல்ஸ்டாம் ஆலைகள் சீசன் பார்ப்பதில்லை.

இரண்டு இடத்திலும் மெஷின் நிலவரத்தை நொடிக்கு நொடி சொல்லும் கண்காணிப்பு மென்பொருள் உதவும். ஆனால் ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. உங்கள் கம்பெனியில் இதைத் தேர்வு செய்யும் வேலை உங்களிடம் வந்தால், என்ன கேட்க வேண்டும்?

1. விலை எதை வைத்து ஏறும்?

வெப்பநிலை, அதிர்வு, மின்னோட்டம் என மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு அளவீடும் ஒரு 'டேக்'. மெஷினுக்கு 30 டேக் என்றால், 10 மெஷினுக்கு 300. 200 மெஷினுக்கு 6,000. டேக் எண்ணிக்கைக்கு விலை என்றால் பில்லும் கூடவே ஏறும். இக்னிஷன் போன்ற சில மென்பொருள்கள் சர்வர் கணக்கில் உரிமம் தருகின்றன, டேக்குக்கு வரம்பில்லை. வருடத்தில் சில மாதங்களே ஓடும் கூழ் ஆலை என்றால், மீதி மாதங்களுக்கும் சந்தா கட்டணுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2. எவ்வளவு டேட்டாவைத் தாங்கும்?

6,000 டேக்கை நொடிக்கு ஒருமுறை பதிந்தால், ஒரு நாளைக்கு 51.84 கோடி பதிவுகள். எல்லாவற்றையும் நொடிக்கணக்கில் சேமிக்கத் தேவையில்லை. அதிர்வுக்கு வேகம் வேண்டும். குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலைக்கு நிமிடத்துக்கு ஒருமுறை போதும். இப்படி டேக் வாரியாகப் பிரித்து அமைக்க முடியுமா என்று பாருங்கள்.

3. பழைய மெஷினோடு பேசுமா?

1979-ல் வந்த மோட்பஸ் இன்றும் பல ஆலைகளில் புழக்கத்தில் இருக்கிறது. புதியவற்றில் ஓ.பி.சி. யு.ஏ. உண்டு. 1999-ல் உருவான எம்.க்யூ.டி.டி., எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க வடிவமைக்கப்பட்டது. அதனால் பலவீனமான இணைப்பிலும் சமாளிக்கும். இந்த மூன்றையும் ஏற்காத மென்பொருள் என்றால் யோசியுங்கள். இணையம் போனால் டேட்டாவை ஆலையிலேயே சேமித்து, வந்ததும் அனுப்பும் வசதியும் அவசியம்.

4. டேட்டா யாருடையது?

நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால், பழைய பதிவுகளை முழுசா வெளியே எடுக்க முடியுமா? இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 3 வருடப் பதிவு கையை விட்டுப் போனால், மெஷின் எப்போது பழுதாகும் என்று கணிக்கும் அடிப்படையே போய்விடும்.

5. பாதுகாப்பு எப்படி?

2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோ ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளாகி, சில ஆலைகளைக் கையால் இயக்கும் நிலைக்கு வந்தது. எனவே ஆலை நெட்வொர்க்கும் ஆபீஸ் நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்கட்டும். கண்காணிப்பு மென்பொருளுக்கு மெஷினைப் 'படிக்க' மட்டும் அனுமதி கொடுங்கள், இயக்க வேண்டாம்.

எப்படித் தொடங்குவது?

அடிக்கடி நிற்கும் ஒரே ஒரு லைனில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மெஷின் நின்ற நேரம் உண்மையிலேயே குறைந்ததா என்று கணக்கெடுங்கள். பிறகு, 10 மடங்கு டேக்குகளைச் செயற்கையாக ஏற்றி ஓட்டிக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. அலாரம் வந்ததும் ஓடப்போவது மேனேஜர் இல்லை, ஷிஃப்டில் இருக்கும் ஆபரேட்டர். இந்த எல்லைப் பகுதியில் அவர் தெலுங்கு பேசுபவராகவும் இருக்கலாம், தமிழ் பேசுபவராகவும் இருக்கலாம். திரையில் வரும் எச்சரிக்கை அவருக்குப் புரிகிறதா என்று வாங்கும் முன்பே அவரையே உட்காரவைத்துப் பாருங்கள்.