சாப்பா: பெயரில்லாத ஒரு வில்லை

ஆலைத் தொழிலாளி ஒருவரின் வாழ்வை எழுத முனைபவருக்கு வருகைப் பதிவேடோ சம்பளப் பட்டியலோ கிடைக்கும். படைவீரராக இருந்தவருக்குப் படைப்பிரிவின் ஆவணம் உண்டு. கொச்சியின் மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரிடம் இருந்தது ஓர் உலோக வில்லை. அதன் பெயர் சாப்பா.

வேலை தேடி வருவோர் துறைமுகத்தின் முன் திரண்டு நிற்பர். தேவைப்படும் ஆட்களைவிடக் காத்திருப்போர் பன்மடங்கு. ஆள்பிடிக்கும் மூப்பன், சாப்பாக்களைக் கூட்டத்தின்மீது வீசுவார். முண்டியடித்துக் கைப்பற்றியவருக்கு அன்றைக்கு வேலை. ஏனையோர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். யார் கையில் விழும் என்று தெரியாத வில்லையில் எவர் பெயரையும் பொறிக்க இயலாது. அன்று உலை வைக்க முடியுமா என்பது, குடும்பத் தலைவர் வீடு திரும்பும் வரை மனைவிக்குத் தெரியாது.

மொழியியல் படித்தவன் என்பதால் சொற்களைச் சற்றே பார்க்கிறேன். 'சாப்பா' முத்திரையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் அப்பொருளில் வழங்கியிருக்கிறது. 'மூப்பன்' நமக்கு அந்நியமான சொல்லன்று: மூத்தவன், தலைவன். இலங்கை, மலாயாத் தோட்டங்களின் 'கங்காணி'யும் கண்காணிப்பவன் என்ற பழைய பொருளிலிருந்து ஆள்பிடிப்பவன் ஆனவனே. எனினும் கங்காணி தன் உறவையும் ஊரையும் பெயர் சொல்லித் திரட்டினான். கடன்பற்றிலேனும் அவர்கள் பெயர்கள் எஞ்சின. மூப்பனுக்குப் பெயரே தேவைப்படவில்லை.

இத்துறைமுகத்தை உருவாக்கிய பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ 1920இல் கொச்சிக்கு வந்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. கடலடியிலிருந்து தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவு எழுந்தது. பிரிஸ்டோ தம் அனுபவங்களை 'கொச்சின் சாகா' என்ற நூலாகவும் எழுதினார். எனவே முதல் கப்பலின் பெயர், நாள் உட்பட நமக்குத் தெரிகிறது. அங்கே சரக்கு இறக்கியவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் தெரியவில்லை.

துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து வேலையை முறைப்படுத்த 1948இலேயே நடுவண் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் ஐந்தாண்டுகளுக்குப் பின்னரும் மட்டாஞ்சேரியில் சாப்பாவே ஆண்டது. 1953இல் அதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டதில் சையது, சைதலவி ஆகிய இருவர் மாண்டனர். காவலில் வதைபட்ட ஆன்டனியும் பின்னர் இறந்தார். அப்போது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் முதலமைச்சர் ஏ. ஜே. ஜான். விடுதலை பெற்று ஆறாண்டுகளே ஆகியிருந்த நாட்டில், ஒரு நாள் வேலையை மானத்தோடு கேட்டதற்கு இதுதான் மறுமொழி. என் பார்வையில், கூலி உயர்வுப் போராட்டங்களின் பட்டியலில் மட்டும் இதைச் சேர்ப்பது போதாது. பெயரால் அழைக்கப்படும் உரிமையும் இதில் அடங்கியிருந்தது.

கொச்சிக்கான பதிவுத் திட்டம் 1959இல்தான் உருப்பெற்றது. அதற்கு முந்தைய வாழ்வைக் காத்துத் தந்தவற்றுள் முதன்மையானது நாடகம். கே. எம். சிதம்பரன் 'துறமுகம்' நாடகத்தை எழுதினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் அதைத் திரைக்கதையாக்க, இராஜீவ் ரவி இயக்கிய படம் 2023 மார்ச்சில் வெளியாயிற்று. சாப்பா வீசப்படும் காட்சியைப் பலரும் பேசினர். தொழிலாளர் வரலாறு பயிலும் மாணவர்கள் அதில் வரும் தாயையும் உற்றுநோக்க வேண்டும். துறைமுகத்தில் எவரும் எழுதி வைக்காத கணக்கு அவள் அடுப்படியில் இருக்கிறது.