பெயருக்கு உரியவர் யார்?

1993 டிசெம்பரில் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதலாவது உதைபந்தாட்ட வீடியோ விளையாட்டு, உலகச் சம்மேளனமான ஃபீஃபாவின் பெயரை அனுமதி பெற்றுச் சூடிக்கொண்டது. அதில் தேசிய அணிகள் இருந்தன; வீரர்களின் பெயர்களோ வெறும் கற்பனை. வீரர் சங்கங்களின் அமைப்பான ஃபிஃப்புரோவின் அனுமதியோடு 1995இல் வெளியான 'ஃபீஃபா 96' இலேதான் உண்மைப் பெயர்கள் இடம்பிடித்தன.

ஆயினும், சங்கம் இசைந்தால் வீரரும் இசைந்ததாகுமா? 2002 உலகக் கிண்ண விளையாட்டில் தமது பெயரும் உருவமும் பயன்படுத்தப்பட்டதை எதிர்த்து, ஜேர்மனியின் கோல் காப்பாளர் ஒலிவர் கான் வழக்குத் தொடுத்தார். 2003இல் ஹம்பேர்க் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

ஃபீஃபாவுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவு முறிவதாக 2022 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. 'ஃபீஃபா 23' அப்பெயரில் நிறுவனம் வெளியிட்ட இறுதி ஆண்டுப் பதிப்பாயிற்று. 2023இல் 'ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 24' என்று பெயர் மாறியது. சம்மேளனத்தின் பெயர் போயிற்று, விளையாட்டு நின்றது. ஏனெனில், 19,000 இற்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதனிடம் எஞ்சியிருந்தன.

தொடக்கத்தில் எவை தேவையற்றவையெனக் கருதப்பட்டனவோ, அவையே ஈற்றில் அதனைக் காத்தன. மைதானத்தில் வியர்வை சிந்துபவனின் பெயருக்கு உரியவன் அவனே என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.